ஏரிக்கரைக்கு வழி வகுத்தல்: கொட்டாம்பட்டி முதல் தேக்கடி வரை

முன்னுரை

விடுமுறைக் காலத்தில் ஊர்விட்டு ஊர் சென்று, மலையும் சோலையும் நீர்நிலையும் கண்டு மீளுதல் இந்நாளில் பெருவழக்காய் விட்டது. மோட்டார் வண்டியின் பெருக்கமும் நற்சாலைகளின் பெருக்கமும் அதற்கு உறுதுணையாயின. ஆயினும், புறப்படுவோர் பலர் தாம் சென்று சேரும் இடத்தைப்பற்றிப் பத்து நாள் பேசுவர். செல்லும் வழியைப்பற்றிப் பத்து நிமிடமும் எண்ணார். கைப்பேசியில் ஊர்ப்பெயரை இட்டு, அது காட்டும் கோட்டினையே வழியெனக் கொள்வர். அக்கோடு விரைவில் சேரும் நெறியைக் காட்டுமேயன்றி, நாம் எதற்காகச் செல்கின்றோம் என்பதை அறியாது.

விரைவு ஒன்றே பயணத்தின் பயனாயின் வழியைப்பற்றி ஆராய வேண்டுவதில்லை. காட்சியும் அறிவும் இளைப்பாறலும் பயனாயின், வழி வகுத்தலும் ஒரு கல்வியேயாகும். ஐரோப்பாவிலே ஆல்ப்ஸ் மலைக்கு வடபாலுள்ளார் விடுமுறைக்குத் தென்பாலுள்ள லுகானோ, மஜ்ஜோரே முதலிய ஏரிகளை நாடி வண்டியிற் செல்வர். அவர்க்கு கோத்தார்டு என்னும் மலையிடத்தே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 1980இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கச் சாலை. மற்றொன்று 2,106 மீட்டர் உயரத்திலே மலையின்மேற் செல்லும் பழைய கணவாய். சுரங்கத்திற் செல்வோன் காலத்தைப் பெறுகின்றான், மலையை இழக்கின்றான். கணவாயிற் செல்வோன் காலத்தை இழந்து மலையைப் பெறுகின்றான். பனிக்காலத்திலோ கணவாய் அடைபட்டுக் கிடத்தலின் அத்தெரிவும் இல்லையாம். பருவமும் நோக்கமும் அறிந்தே வழியைத் துணிதல் வேண்டும் என்பது இதனாற் புலப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு நம் மாவட்டத்துக் கொட்டாம்பட்டியினும் சிறந்த தொடக்கம் காண்டல் அரிது. திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்கு வரும் பெருவழியும், திண்டுக்கல்லினின்று நத்தம் வழியாகச் சிங்கம்புணரிக்கும் காரைக்குடிக்கும் செல்லும் சாலையும் கூடும் ஊர் அது. அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் மீதுள்ள தேக்கடி ஏரிக்குச் செல்லுமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய வழிகாட்டி ஒருவன்

இதே நிலப்பரப்பில் வழி கேட்டாரையும் வழி சொன்னாரையும் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டுகின்றது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரைக் கடந்து மதுரை நோக்கி வருங்கால், மாங்காட்டு மறையோன் ஒருவனைச் சந்திக்கின்றனர். காடுகாண் காதையில் அவன் கூறும் உரை, தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய வழித்திட்டங்களுள் ஒன்று எனலாம். கொடும்பை என்னும் ஊரின் நெடிய குளக்கரையைக் கடந்தபின் வழி சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கின்றான் அவன். அக்கொடும்பை இன்றைய கொடும்பாளூர் என்பர். கொட்டாம்பட்டிக்கு வடக்கே அதே பெருவழியை அடுத்து அவ்வூர் இருத்தல் கருதத்தக்கது.

அவன் உரையின் அமைப்பை மாணாக்கர் நுனித்து நோக்குதல் வேண்டும். முதற்கண் அவன் பருவத்தைச் சொல்கின்றான்: வேனிலின் கொடுமையால் நல்ல நிலமும் பாலையாய்த் திரிந்த காலத்தில், மெல்லியலாளுடன் புறப்பட்டீரே என இரங்குகின்றான். எனவே, காலமும் உடன் வருவார் நிலையும் முதலிற் கருதப்பட்டன. அதன்பின் வழிகளின் பிரிவைக் கூறுகின்றான். வலப்பக்கத்து வழி வறண்ட நிலத்தையும் காட்டையும் கடந்து, வாழையும் மாவும் பலாவும் செறிந்த சிறுமலையை வலத்தே கொண்டு செல்வது. இடப்பக்கத்து வழி வயலும் குளமும் காடும் கடந்து திருமால்குன்றமாகிய அழகர்மலையை அடைவது. நடுவழி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஒவ்வொரு வழிக்கும் அதனதன் காட்சியையும் இடரையும் சொல்லி, துணிவைக் கேட்போரிடமே விடுத்து அகல்கின்றான். அவருள் மூத்தவராகிய கவுந்தியடிகள் தம் நோக்கத்திற்கு ஏற்றதை ஆய்ந்து துணிய, மூவரும் நடுவழியே செல்கின்றனர்.

காலம், உடன்செல்வார், வழிப்பிரிவு, ஒவ்வொன்றின் காட்சி, ஒவ்வொன்றின் இடர் என்னும் இவ்வைந்துமே வழி வகுத்தலின் உறுப்புக்கள். நடந்து சென்ற காலத்துக்கு உரைத்த இம்முறை, மோட்டார் வண்டிக்கும் முற்றும் பொருந்துவதேயாம்.

எந்த ஏரி?

மதுரைச் சமவெளியில் வாழ்வார்க்கு ஏரிக்கரை விடுமுறை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் வெப்பத்துக்கும் நோய்க்கும் ஒதுங்கி அம்மலையில் முதல் இல்லங்களை அமைத்தனர். 1863இல் வியர் ஹென்றி லெவிஞ்சு என்பார் அங்கே ஓடைநீரைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். அஃது அழகிய நீர்நிலையே. எனினும், இப்பொழுது அங்கே வண்டிகளின் நெருக்கம் மிகுந்து, 2024 மே மாதம் முதல் இ-பாஸ் பெற்றே செல்லவேண்டிய நிலை வந்துற்றது.

தேக்கடி ஏரியும் மனிதர் அமைத்ததே. ஆனால் அது விடுமுறைக்காக அமைந்ததன்று. நமது வயல்களுக்காக அமைந்தது. மேற்கே ஓடி அரபிக்கடலில் வீழ்ந்த பெரியாற்றின் நீரைக் கிழக்கே திருப்புதல் கூடுமோ என்று அறிய, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பினார். 1808இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் பொறியியல் அலுவலர் அது கைகூடாது என்றார். பின்னர்ப் பஞ்சங்கள் பல வந்து போயின. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஆயிற்று. ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் 1887 முதல் உழைத்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு அணையை எழுப்பினார். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். அவ்வணையால் தேங்கிய நீரே தேக்கடி ஏரி. மலையைக் குடைந்த ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வாயிலாக அந்நீர் கிழக்கே இறங்கி, வையையிற் கலந்து, மேலூர் வயல்வரை வருகின்றது.

ஆகவே, கொட்டாம்பட்டியினின்று தேக்கடிக்குச் செல்வோன் அயலாரின் ஏரியைக் காணச் செல்பவன் அல்லன். தன் வட்டத்து வயலுக்கு வரும் நீர் எங்கிருந்து புறப்படுகின்றது என்பதைக் காணச் செல்பவன். இந்நோக்கம் உளத்திற் பதிந்துவிடின், எவ்வழியிற் செல்வது என்னும் வினாவுக்கு விடை தானே தோன்றும்.

மூன்று வழிகள்

மறையோன் கூறியதுபோலவே, கொட்டாம்பட்டியிலிருந்து தேனி வரை செல்ல நமக்கும் மூன்று வழிகள் உள. தேனிக்கு அப்பால் குமுளிவரை பெருவழி ஒன்றே.

வலப்பக்கத்து வழி: கொட்டாம்பட்டியிலிருந்து மேற்கே நத்தம் சென்று, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனியை அடைவது. குமுளிவரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். நத்தத்திற்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே சிறுமலை நெடுந்தொலைவு உடன் வரும். மறையோன் சொல்லிய வாழை இன்றும் அம்மலையின் பெயரை விளக்குகின்றது. சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வத்தலக்குண்டுக்கு அப்பால் கொடைமலையின் தென்சரிவு வலப்பக்கத்தே சுவர்போல் எழும். பெரியகுளத்து மாந்தோப்புகள் சாலையின் இருமருங்கும் நிழல் செய்யும். இதன் இடர் யாதெனின், தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் செட்டிநாட்டினின்று பழனிக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் நத்தம், திண்டுக்கல் சாலையிலே நிறைந்திருக்கும். விடியற்காலையிலும் இரவிலும் சாலையோரம் நடப்பவர் அவர். அந்நாட்களில் வண்டியின் வேகத்தை மிகக் குறைத்தல் கடமை; வேறு வழி உண்டாயின் அதனைக் கொள்ளுதல் அதனினும் நன்று.

இடப்பக்கத்து வழி: பெருவழியே மேலூர் வழியாக மதுரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வந்து, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனியை அடைவது. குமுளிவரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மூன்றனுள் இதுவே எளியது. கைப்பேசியும் பெரும்பாலும் இதனையே காட்டும். இதன் சிறப்பு ஆண்டிபட்டிக் கணவாய். உசிலம்பட்டியின் செம்மண் மேட்டைக் கடந்து கணவாயின்மேல் வண்டி ஏறி இறங்குங்கால், மேற்குத் தொடர்ச்சி மலை முழுதும் திரை விலகியதுபோல் எதிரே தோன்றும். ஆண்டிபட்டிக்கு அருகே 1959இல் திறக்கப்பெற்ற வைகை அணையும் உண்டு. இதன் குறை மதுரை நகரத்து நெரிசல். காலை எட்டு மணிக்கு முன்னரே நகரைக் கடவாதார் அதனுள் ஒரு மணிநேரத்தை எளிதில் இழப்பர்.

நடுவழி: மேலூர் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பி, அழகர்மலையின் அடியிலே அழகர்கோயிலை அடைந்து, அலங்காநல்லூர், வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனிக்குச் செல்வது. மூன்றனுள் நேரத்தை மிகுதியாகக் கொள்வது இதுவே. சிற்றூர்ச் சாலைகளில் மாடும் ஆடும் நெல்லுலர்த்துவாரும் உண்டாதலின் விரைந்து செல்லல் இயலாது. எனினும், நம் நோக்கத்துக்கு உரிய வழி இதுவேயாம். அதற்குக் காரணம் கூறுவாம்.

நடுவழியின் சிறப்பு

பெரியாற்று நீர் வையையிற் கலந்து கிழக்கே வந்து, வாடிப்பட்டிக்கு மேற்கேயுள்ள பேரணையில் தடுக்கப்பட்டு, பெரியாறு பிரதானக் கால்வாயிலே திருப்பப்படுகின்றது. அக்கால்வாய் வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பகுதிகளைக் கடந்து, அழகர்மலை அடிவாரத்திலுள்ள கள்ளந்திரியின் வழியாக மேலூர்ப் பக்கம் செல்கின்றது. நடுவழியோ மேலூரினின்று புறப்பட்டு அழகர்மலையடி, அலங்காநல்லூர், வாடிப்பட்டி எனச் செல்கின்றது. எனவே, இவ்வழியிற் செல்வோன் தன் வயலுக்கு வந்த நீரை எதிர்கொண்டு, அதன் பிறப்பிடம் நோக்கி மேலே மேலே செல்பவனாகின்றான்.

இவ்வழியைக் கொட்டாம்பட்டியிற் தொடங்குதலில் ஒரு நுட்பம் உண்டு. கொட்டாம்பட்டியைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த மேட்டுநிலம். மழையையும் கண்மாயையும் நம்பி வாழ்வது. பாறைக்குன்றுகளும் பனையும் புளியும் அங்கே மிகுதி. கருங்காலக்குடியிலே சமணர் படுக்கைகளும் தமிழ்-பிராமி எழுத்தும் உள்ள குன்றை வழியிலேயே காணலாம். மேலூரை நெருங்க நெருங்க நிலத்தின் நிறம் மாறும். வாய்க்காலும் வரப்பும் வாழையும் தோன்றும். நெல்வயல்கள் விரிந்து செல்லும். முப்பது நிமிடத்திற்குள் இவ்விரு நிலங்களையும் கண்டவன், கால்வாய் நீர் சென்றடைந்த இடத்திற்கும் சென்றடையாத இடத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல் இன்றியே கற்பான். மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ புறப்படுவார்க்கு இப்பாடம் வாய்ப்பதில்லை.

அழகர்மலையிலே சிலம்பாறும் சோலையும் தங்குதற்கு இனிய இடம். அங்கே காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கள்ளந்திரியிற் கால்வாயைக் காணலாம். நீர் ஓடும் பருவமாயின் கரையினின்றே காணுதல் வேண்டும். இறங்கிக் குளித்தல் தகாது. கால்வாய்நீர் மேலே அமைதியாகத் தோன்றினும் உள்ளே இழுப்பு மிகுதியுடையது. அதற்கு மேல் பேரணையிலே ஆறும் கால்வாயும் பிரியும் இடத்தைக் காணலாம். மேற்கினின்று வந்த நீரை இங்கேதான் மதுரைச் சமவெளி கையேந்திப் பெறுகின்றது.

கம்பம் பள்ளத்தாக்கு

தேனியிலிருந்து சாலை தெற்கும் தென்மேற்குமாகத் திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கிற் புகும். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் தொடரும். ஒருபால் வருசநாட்டு மலையும் மேகமலையும், ஒருபால் மேற்குத் தொடர்ச்சியின் பெருஞ்சுவர், நடுவே முல்லையாறு. பெரியாற்று நீர் மலையை விட்டு இறங்கியபின் முதலில் ஊட்டுவது இப்பள்ளத்தாக்கையே. இங்கே 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெற்சாகுபடிக்கு உரியது. வழக்கமாக ஜூன் முதல் நாளில் முதற்போகத்துக்கு நீர் திறக்கப்படும். தென்னையும் வாழையும் அன்றித் திராட்சைப் பந்தல்களும் இங்கே மிகுதி. ஆண்டு முழுதும் காய்க்கும் கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பந்தலின்கீழ் நின்று நோக்கின், மலையும் வானமும் கொடியின் இடைவெளியில் தோன்றும் காட்சி கண்ணுக்கு இனியது.

கூடலூரைக் கடந்ததும் லோயர் கேம்ப் வரும். சுரங்கத்தைக் கடந்த நீர் பெரிய குழாய்களின் வழியாக மலைச்சரிவிலே இறங்கி, அங்குள்ள மின்னிலையத்தைச் சுழற்றி, ஆற்றை அடைகின்றது. சாலையினின்றே அக்குழாய்களைக் காணலாம். பென்னிகுயிக்கிற்கு 2013 ஜனவரி 15இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் இங்கே உண்டு. அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15இல் உழவர்கள் இங்கே பொங்கலிட்டு வழிபடுகின்றனர்.

மலையேற்றம்

லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை நீளத்திற் சிறியது. ஆயினும் வளைவுகள் நெருங்கியது. சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் ஓயாது செல்வது. முதன்முறை செல்வார் சில விதிகளை மனங்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, செங்குத்தான மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முதலுரிமை. இறங்குவோன் ஒதுங்கி வழிவிடுதல் வேண்டும். இரண்டாவது, ஏறுதற்கு எந்தக் கியர் தேவையோ அதனையே இறங்குதற்கும் இடுதல் வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடியிழக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குதல் உயிரோடு விளையாடுதலாகும். மூன்றாவது, வளைவிலே முந்துதல் கூடாது; ஒலியெழுப்பி, இடப்பக்கம் ஒட்டி, மெல்லத் திரும்புதல் வேண்டும். நான்காவது, காட்சியைக் காண விரும்புவோன் வளைவில் நிறுத்தாது, அகன்ற ஒதுக்கிடத்திலேயே வண்டியை நிறுத்துதல் வேண்டும். ஐந்தாவது, குரங்குகளுக்கு உணவு எறிதல் ஒழித்தல் வேண்டும். அதனால் அவை சாலையிலே காத்திருந்து வண்டிகளில் அடிபடுகின்றன.

சிறுவரும் முதியோரும் உடன் வரின், கம்பத்திலேயே அரைமணி நேரம் இளைப்பாறி, வயிறு நிறைய உண்ணாது, எளிய உணவோடு ஏறுதல் நலம். வளைவுகளால் வரும் தலைச்சுற்றலையும் வாந்தியையும் இது பெரிதும் தடுக்கும்.

காலமும் கணக்கும்

இனி, மறையோன் முதலில் வைத்த பருவத்தை நாம் ஆராய்வோம். சித்திரை, வைகாசியிற் சமவெளி தீயாய்க் காயும். ஏரியும் சுருங்கும், ஆனால் கரையிற் புல் தளிர்த்து, நீருண்ண வரும் யானையும் காட்டெருமையும் மானும் காணுதற்கு எளியன. ஆனி முதல் ஆவணிவரை தென்மேற்குப் பருவமழை மலையிலே வலுக்கும். மரம் வீழ்தலும் மண் சரிதலும் நேரலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை சமவெளியை நனைக்கும், ஏரியும் நிறையும். கார்த்திகை முதல் நாள் தொடங்கித் தை முதல் நாள்வரை சபரிமலை செல்வார் வண்டிகள் குமுளியை நிரப்பும். அக்காலத்தில் ஒருவழிப் போக்குவரத்து ஏற்படுத்தி, வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்புதல் வழக்கம்.

மேலூர்ப் பக்கத்து ஒருபோகப் பாசனத்துக்குக் கால்வாய்நீர் வழக்கமாகச் செப்டம்பரில் திறக்கப்படும். ஆதலின், நீரைப் பின்பற்றிச் செல்லும் நமக்குப் புரட்டாசி நடுப்பகுதி ஒன்றும், தைப்பொங்கல் கழிந்த வாரங்கள் ஒன்றுமாக இரு பருவங்கள் ஏற்றவை. முன்னதில் நடவு வயலையும், பின்னதில் விளைந்த வயலையும் காணலாம். இவற்றுள் பின்னதிலே மழையும் குறைவு, சபரிமலை நெருக்கமும் தணிந்திருக்கும். தைப்பூச அடியாரை எண்ணி வலப்பக்கத்து வழியை மட்டும் அந்நாட்களில் விலக்குக.

நேரக் கணக்கு வருமாறு: இடப்பக்கத்து வழி 190 கிலோமீட்டர். மலைப்பாதையும் ஊர்நெரிசலும் கருதி மணிக்கு 40 கிலோமீட்டர் எனக் கொள்ளின், ஓட்டும் நேரம் ஐந்து மணிக்குச் சற்றுக் குறையும். நடுவழிக்கு ஏழு மணி கொள்க. வழியிற் காண்பதற்கும் உண்பதற்கும் மூன்று மணி சேர்க்கப் பத்து மணியாயிற்று. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டவன் பிற்பகல் மூன்றரைக்குக் குமுளி சேர்வான். கணக்கில் ஒரு மணி பிழைத்தாலும் இருட்டுமுன் மலையேறி முடிப்பான். இக்கணக்கின் முதல் விதி, இரவில் மலையேறலாகாது என்பதே. இரண்டாம் விதி, இரண்டு மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துதல். மூன்றாம் விதி, ஓட்டுவோன் முதல்நாள் இரவு நன்றாகத் துயின்றிருத்தல். இம்மூன்றையும் மீறி அமைத்த திட்டம் எத்துணை அழகியதாயினும் தீய திட்டமேயாம்.

போகுங்கால் நடுவழியும், மீளுங்கால் கம்பத்திலிருந்து தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, மதுரை என இடப்பக்கத்து வழியும் கொள்ளின், ஒரே காட்சியை இருமுறை காணாமல் இரண்டையும் கண்டவராவோம். களைத்து மீளும் நாளுக்கு எளிய வழியே உரியது.

ஏரியில்

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள குமுளியில் எல்லையைக் கடக்கின்றோம். இன்று அது மாநில எல்லை. 1949க்கு முன்னரோ தனி அரசும் தனி நாணயமும் உடைய திருவிதாங்கூருக்குள் புகும் வாயிலாயிருந்தது. அக்காலத்தார்க்கு இஃது உண்மையாகவே அயல்நாட்டுப் பயணம். எல்லை கடந்ததும் பலகைகளில் எழுத்து மாறும். கடைத்தெருவிலோ தமிழும் மலையாளமும் ஒருங்கே ஒலிக்கும். காட்டினுள் வண்டி செல்லும் முறையும் படகு நேரமும் வனத்துறையின் விதிக்கு உட்பட்டவை. அவற்றை முன்னரே கேட்டறிந்து செல்லுதல் வேண்டும்.

1934இல் திருவிதாங்கூர் அரசு வேட்டைவிலங்குக் காப்பிடமாக அமைத்த இக்காடு 1978 முதல் புலிகள் காப்பகம். ஏரியின் நடுவே கரிய மரக்கட்டைகள் நீருக்குமேல் நிற்கக் காணலாம். 1895இல் நீர் பெருகிய பொழுது மூழ்கிய காட்டின் எச்சம் அவை. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகுலர்த்தும். நமது வயல் விளைய ஒரு காடு நீரில் ஆழ்ந்தது என்பதை அவை சொல்லாமற் சொல்லுகின்றன.

படகில் ஏறுவோர் ஒன்றை மறத்தலாகாது. 2009 செப்டம்பர் 30இல் இவ்வேரியிற் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அதனால், உயிர்காப்பு அங்கியை அணிந்து, இருக்கையிலேயே அமர்ந்திருத்தல் வேண்டும். யானை தோன்றியதென்று எல்லாரும் ஒருபக்கம் எழுந்து குவிதல் பேரிடர் தரும். பிளாஸ்டிக் உறை ஒன்றையேனும் நீரில் எறியலாகாது. அந்நீர் அறுவடைக்கும் குடிநீருக்கும் நம் ஊரை நோக்கியே வருகின்றது.

இங்கே வியப்பொன்று உண்டு. ஏரியைக் கண்டவன் அணையைக் காண்பதில்லை. அணை தேக்கடிப் படகுத்துறைக்கு அப்பால் நெடுந்தொலைவிற் காட்டினுள் உள்ளது. பொதுமக்கள் அங்கே செல்ல இசைவு இல்லை. எனவே, நேரே ஏரிக்கு விரைந்து வந்து படகேறி மீண்டவன் அழகிய நீர்ப்பரப்பு ஒன்றைக் கண்டான், அவ்வளவே. அந்நீர் ஏன் அங்கே நிற்கின்றது என்பதை அவன் எங்கும் காணவில்லை. மேலூர் வயலையும் கள்ளந்திரியையும் பேரணையையும் முல்லையாற்றையும் லோயர் கேம்பையும் கண்டு வந்தவனோ, அணையைக் காணாதவனாயினும் அதன் பயன் முழுதையும் கண்டவனாவான்.

முடிவுரை

இவ்வணையின் நீர்மட்டத்தைப்பற்றியும் உறுதியைப்பற்றியும் இரு மாநிலங்களிடையே நெடுங்கால வழக்கு உண்டு. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை நீரைத் தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. வழக்கின் நுட்பங்கள் இக்கட்டுரைக்கு உரியன அல்ல. ஆனால் இவ்வழியிற் செல்லும் மாணாக்கன் ஒரே நாளில் இரு திறத்தாரின் இல்லங்களையும் கடந்து செல்கின்றான். கீழே, வாய்க்காலில் நீர் எப்பொழுது வரும் என்று காத்திருக்கும் உழவன். மேலே, பழைய அணையின்கீழ் வாழ்ந்து மழைநாளில் அஞ்சும் குடியானவன். இருவர் முகத்தையும் கண்டவன் ஒருவரை இகழ்ந்து பேசத் துணியான். செய்தித்தாளிற் கற்றற்கரிய நடுநிலையை இச்சாலை கற்பிக்கும்.

ஆதலின், நண்பர்காள்! அடுத்த விடுமுறைக்கு வழி வகுக்குங்கால், எவ்வளவு விரைவிற் சேர்வோம் என்று மட்டும் வினவாது, எதனை அறிந்தவராய்ச் சேர்வோம் என்றும் வினவுமின். படத்தை விரித்து, பருவத்தை நோக்கி, உடன்வருவாரை எண்ணி, வழிகளை ஒப்பிட்டு, இடர்களைக் குறித்து, இறுதியில் ஒன்றைத் துணிமின். உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் எங்கோ ஒரு தலைமடை உண்டு. அதனைத் தேடிச் செல்லும் வழியைக் காட்டிலும் சிறந்த விடுமுறை வழி வேறொன்று இல்லை.